நாற்பதாயிரம் வரிசைகளும் ஒரே கமிட்டும்

வாசகர் கேள்வி – பதில்

தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தில் ஏராளமான வரிசைகளை ஒரே நேரத்தில் மாற்றும்போது ஏற்படும் தாமதத்தைப் பற்றி வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றுக்குப் பைத்தானில் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரவு முழுவதும் ஓர் எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஏறக்குறைய 40,000 மருந்துகளின் புதிய விலைப் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக வரும். அதை வரி வரியாகப் படித்து, அந்தந்த மருந்தின் விலையை அப்டேட் செய்து, உடனுக்குடன் கமிட் செய்கிறேன். வேலை முடிய இருபது நிமிடங்கள் ஆகின்றன. கடையில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி. எஸ்எஸ்டி வாங்கச் சொல்லலாமா, அல்லது வேறு தரவுத்தளத்துக்கு மாறிவிடலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே வேண்டியதில்லை. லூப்புக்குள், அதாவது ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், இருக்கும் கமிட்டை (மாற்றத்தை நிரந்தரமாகப் பதியச் சொல்லும் கட்டளையை) எடுத்து லூப் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை வரும்படி வையுங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி விலையை மாற்றுவதில் செலவாகவில்லை, ஒவ்வொரு கமிட்டும் வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டதா என்று காத்திருப்பதில்தான் செலவாகிறது.

அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எஸ்க்யூலைட் ஒரு வரிசையை மாற்றும்போது, அந்த வரிசை இருக்கும் பக்கத்தின் (கோப்பு பிரிக்கப்பட்டிருக்கும் சம அளவுத் துண்டின்) பழைய உள்ளடக்கத்தை முதலில் ஜர்னல் என்னும் துணைக்கோப்பில் எழுதி வைக்கிறது. கமிட் என்று நீங்கள் சொன்னவுடன், அந்த ஜர்னல் உண்மையிலேயே வட்டில் இறங்கிவிட்டதா என்பதை இயங்குதளத்திடம் கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறது. அதன் பிறகுதான் மூலக் கோப்பில் புதிய பக்கத்தை எழுதுகிறது. அதுவும் வட்டில் இறங்கும்வரை மறுபடியும் நிற்கிறது. கடைசியாக ஜர்னலை அழிக்கிறது; ஜர்னல் அழிந்த அந்தக் கணமே கமிட் நிறைவேறிய கணம். இடையில் எந்தக் கட்டத்தில் மின்சாரம் போனாலும், அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது மிச்சமிருக்கும் ஜர்னலைக் கொண்டு பழைய நிலைக்கே திரும்பிவிட முடிகிறது. இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்தக் காத்திருப்பு. ஒரு வரிசையை மாற்றினாலும் ஒரு லட்சம் வரிசைகளை மாற்றினாலும், ஒரு கமிட்டுக்கான இந்தச் சடங்கு ஏறக்குறைய அதேதான்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. ஒரு டிரான்சாக்ஷனுக்கு (ஒரு கமிட்டோடு முடியும் மாற்றங்களின் தொகுப்புக்கு) இரண்டு முழுச் சுற்றுகளாவது தேவைப்படும் என்பதால், அத்தகைய வட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 60 டிரான்சாக்ஷன்களுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று எஸ்க்யூலைட்டின் ஆவணமே சொல்கிறது. அதே ஆவணம், சாதாரண மேசைக் கணினியில் விநாடிக்கு 50,000 இன்செர்ட்களை (புதிய வரிசைச் சேர்ப்புகளை) எஸ்க்யூலைட் எளிதாகச் செய்யும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பதாயிரம் கமிட்களை விநாடிக்கு 60 என்ற கணக்கில் செய்தாலே பதினோரு நிமிடங்கள் ஆகும். நடைமுறையில் விநாடிக்கு முப்பது, முப்பத்தைந்துதான் தேறும் என்பதால் உங்கள் இருபது நிமிடக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. எஸ்எஸ்டி வாங்கினால் ஒவ்வொரு காத்திருப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் நாற்பதாயிரம் காத்திருப்புகள் நாற்பதாயிரமாகவே இருக்கும்.

இன்னொரு மிச்சமும் உண்டு. எஸ்க்யூலைட் வட்டில் படிப்பதும் எழுதுவதும் பக்கம் பக்கமாகத்தான்; 2016-இல் வந்த 3.12 பதிப்பு முதல் ஒரு பக்கத்தின் இயல்பான அளவு 4,096 பைட். உங்கள் மருந்து அட்டவணையில் ஒரு வரிசை 100 பைட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நாற்பது மருந்துகள் இருக்கும். மொத்த அட்டவணையும் ஆயிரம் பக்கங்களுக்குள் அடங்கிவிடும். வரிசைக்கு ஒரு கமிட் என்னும்போது அதே பக்கம் நாற்பது முறை ஜர்னலுக்கும் நாற்பது முறை மூலக் கோப்புக்கும் போகிறது. ஒரே டிரான்சாக்ஷனில் செய்தால் அதன் பழைய நகல் ஒரே ஒரு முறைதான் ஜர்னலில் எழுதப்படும். சிஎஸ்வி கோப்பை, அட்டவணையின் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) எந்த அடுக்கில் இருக்கிறதோ அதே அடுக்கில் வைத்துக்கொண்டு அப்டேட் செய்தால் இந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கும். பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள எஸ்க்யூலைட் இயல்பாகப் பயன்படுத்தும் கேஷ் ஏறத்தாழ இரண்டு மெகாபைட் மட்டுமே. தாறுமாறான அடுக்கில் போனால் பக்கங்கள் கேஷிலிருந்து வெளியேறி மறுபடியும் உள்ளே வர வேண்டியிருக்கும். கேஷ் சைஸ் பிராக்மாவை (பிராக்மா என்பது எஸ்க்யூலைட்டின் அமைப்பை மாற்றும் கட்டளை) 20 மெகாபைட் அளவுக்கு உயர்த்துவதும் இதற்கு ஒரு வழி.

வேகத்தை விட முக்கியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போதைய முறையில் பத்தாவது நிமிடத்தில் மின்சாரம் போனால், கடையில் பாதி மருந்துகளுக்குப் புதிய விலையும் மீதிக்குப் பழைய விலையும் இருக்கும். எது எதுவரை மாறியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. மருந்து விற்கும் இடத்தில் இப்படி ஒரு நிலை வரவே கூடாது. ஒரே டிரான்சாக்ஷன் என்றால் ஒன்று முழுப் பட்டியலும் மாறியிருக்கும், இல்லையேல் ஒன்றுகூட மாறியிருக்காது. டிரான்சாக்ஷன் என்ற ஏற்பாடு வந்ததே இதற்காகத்தான். வேகம் அதனுடன் சேர்ந்து கிடைப்பது.

பைத்தானைப் பொறுத்தவரை, அதனுடன் வரும் எஸ்க்யூலைட்3 மாட்யூல், இயல்பான அமைப்பில், முதல் அப்டேட்டுக்கு முன்பே தானாக ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்துவிடுகிறது. ஆகவே கமிட்டை வெளியே எடுத்தாலே போதும். கனெக்ஷனை ‘வித்’ தொகுதிக்குள் வைத்து எழுதினால், பிழையின்றி முடிந்தால் கமிட்டும் இடையில் பிழை எழுந்தால் ரோல்பேக்கும் (மாற்றங்களைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவதும்) தாமாகவே நடக்கும். அதற்குள் எக்ஸிக்யூட்மெனி என்ற செயற்கூறுக்கு ‘அப்டேட் மருந்து செட் விலை = ? வேர் பார்கோடு = ?’ என்ற ஒரே வாக்கியத்தையும், விலை–பார்கோடு இணைகளின் பட்டியலையும் கொடுங்கள். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் மதிப்பு பின்னர் வந்து சேரும் என்பதால், வாக்கியத்தை ஒரு முறை பிரித்துப் புரிந்துகொண்டால் போதும். அதன் பிறகு மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டலாம். மதிப்புகளைச் சரங்களாக ஒட்டி நாற்பதாயிரம் தனித்தனி வாக்கியங்களை உருவாக்குவோர் இன்றும் இருக்கிறார்கள். அது மெதுவானது என்பதோடு, பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வந்தாலே உடைந்துவிடும், தீய நோக்கத்தோடு வரும் உள்ளீட்டுக்கும் கதவைத் திறந்துவிடும்.

வேறு தரவுத்தளத்துக்கு மாறுவதைப் பற்றி: போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் நிரல் ஓரிடத்திலும் சர்வர் வேறோர் இடத்திலும் இருக்கும். ஒவ்வொரு வாக்கியமும் நெட்வொர்க்கில் போய்த் திரும்ப வேண்டும். அதனால்தான் அங்கே பல வரிசைகளை ஒரே நீண்ட வாக்கியத்துக்குள் திணிக்கச் சொல்லும் அறிவுரைகள் பிறந்தன. எஸ்க்யூலைட்டில் சர்வரே கிடையாது. 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் பணியின்போது இதை வடிவமைத்ததன் நோக்கமே, தனியாக ஒரு தரவுத்தள சர்வரை நிர்வகிக்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது என்பதுதான். எஸ்க்யூலைட் உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு நூலகமாக ஓடுகிறது; ஒரு வாக்கியத்தை இயக்குவது ஒரு செயற்கூறை அழைப்பதுதான். எனவே ஒரு டிரான்சாக்ஷனுக்குள் நாற்பதாயிரம் சின்னஞ்சிறு அப்டேட்களை லூப்பில் ஓட்டுவது இங்கே எந்த வகையிலும் தவறான முறை அன்று. சர்வர் தரவுத்தளங்களுக்காகச் சொல்லப்பட்ட அறிவுரையை இங்கே அப்படியே கொண்டுவந்து நிரலைச் சிக்கலாக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எல்லா அப்டேட்களையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்துவிட்டேன். அப்படியும் 40,000 வரிசைகளுக்குப் பல நிமிடங்கள் ஆகின்றன. வட்டு விளக்கு எரியவே இல்லை, ஆனால் பிராசசர் முழு வேகத்தில் ஓடுகிறது. என்னவாக இருக்கும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: நீங்கள் கவனித்துச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. வட்டு சும்மா இருக்கும்போது பிராசசர் மட்டும் உழைக்கிறது என்றால், ஒவ்வொரு அப்டேட்டும் தனக்குரிய வரிசையைக் கண்டுபிடிக்க அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை தேடுகிறது என்றே பெரும்பாலும் பொருள். எந்த வரிசை என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில் வரும் புலத்துக்கு, புத்தகத்தின் பின்னிணைப்புப் போல வரிசையை நேரடியாகக் காட்டும் இன்டெக்ஸ் இல்லாவிட்டால் நாற்பதாயிரம் முறை நாற்பதாயிரம் வரிசைகளை, அதாவது 160 கோடி வரிசைகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் அப்டேட் வாக்கியத்துக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்’ என்று சேர்த்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விடையில் ‘ஸ்கேன்’ என்று வந்தால் முழுத் தேடல் நடக்கிறது. ‘சர்ச்’ என்று வந்து அதனுடன் இன்டெக்ஸின் பெயரோ முதன்மைச் சாவியோ குறிப்பிடப்பட்டிருந்தால் நேரடித் தேடல் நடக்கிறது. இன்டெக்ஸ் இருந்தும் ‘ஸ்கேன்’ என்று வருவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. நிறுவனம், பார்கோடு என்று இரண்டு புலங்களுக்குச் சேர்த்து இன்டெக்ஸ் போட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் கொண்டு தேடினால் பொதுவாக அது பயன்படாது. ‘அப்பர்’ போன்ற செயற்கூறைப் புலத்தின் மேல் வைத்து ஒப்பிட்டாலும் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. அந்தச் செயற்கூறையே சேர்த்து இன்டெக்ஸ் உருவாக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராத ஒப்பீட்டை இன்டெக்ஸில் ஒரு விதமாகவும் வாக்கியத்தில் வேறு விதமாகவும் குறிப்பிட்டிருந்தாலும் இதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மாற்றப்படும் புலத்தின் மேலேயே பல இன்டெக்ஸ்கள் இருந்தால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் பழைய பதிவை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டும். விலைப் புலத்துக்கு இன்டெக்ஸ் வைத்திருக்கிறீர்களா, அதை எந்தக் குவெரியாவது உண்மையில் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாவிட்டால் நீக்கிவிடுங்கள். பயன்படுகிறது, ஆனால் அட்டவணையின் பெரும்பகுதி மாறப் போகிறது என்றால், அந்த இன்டெக்ஸை நீக்கிவிட்டு, அப்டேட்களை முடித்து, மறுபடியும் உருவாக்குவது விரைவாக இருக்கக்கூடும். எஸ்க்யூலைட்டில் இன்டெக்ஸை நீக்குவதும் உருவாக்குவதும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்குபவை என்பதால், மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் செய்யலாம். இடையில் ஏதாவது நேர்ந்தால் இன்டெக்ஸும் பழையபடியே திரும்பிவிடும். பைத்தான் பயன்படுத்துவோர் இதற்கு ‘பிகின்’ என்ற கட்டளையைத் தாமே வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது. ஏனென்றால் அந்த மாட்யூல் தானாக டிரான்சாக்ஷனைத் திறப்பது அப்டேட், இன்செர்ட் போன்றவற்றுக்கு முன்புதான். இன்டெக்ஸை நீக்கும் கட்டளைக்கு முன்பு திறப்பதில்லை.

கேள்வி: லூப்பே இல்லாமல், புதிய விலைகள் அடங்கிய இன்னோர் அட்டவணையிலிருந்து ஒரே வாக்கியத்தில் அப்டேட் செய்ய முடியுமா? இதற்கு ‘இன்செர்ட் ஆர் ரீப்ளேஸ்’ பயன்படுத்தச் சொல்கிறார் நண்பர் ஒருவர். சரியா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: முதல் கேள்விக்கு விடை, முடியும். இரண்டாவதற்கு, அருள்கூர்ந்து வேண்டாம்.

‘இன்செர்ட் ஆர் ரீப்ளேஸ்’ என்ற பெயரைப் பார்த்தால் இருக்கும் வரிசையைத் திருத்துவது போலத் தோன்றும். உண்மையில் அது மோதும் பழைய வரிசையை முற்றாக நீக்கிவிட்டு, புதிய வரிசை ஒன்றைச் சேர்க்கிறது. நீங்கள் பார்கோடும் விலையும் மட்டும் கொடுத்தால், அந்த மருந்தின் பெயர், இருப்பு, அலமாரி எண் எல்லாம் போய்விடும். அந்தப் புலங்களில் இயல்பு மதிப்போ, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) என்பதோ உட்கார்ந்திருக்கும். முதன்மைச் சாவி தானியங்கி எண்ணாக இருந்து, மோதல் பார்கோடின் தனித்தன்மை விதியால் (ஒரே பார்கோடு இரண்டு முறை வரக் கூடாது என்பதால்) நேர்ந்தது என்றால், புதிய வரிசைக்குப் புதிய எண் கிடைக்கும். பழைய எண்ணைச் சுட்டிக்கொண்டிருந்த பில்கள் அநாதையாகும். வெளிச்சாவிக் கண்காணிப்பு (ஓர் அட்டவணை இன்னொன்றின் வரிசையைச் சுட்டும் தொடர்பைச் சரிபார்ப்பது) இயக்கத்தில் இருந்து, அங்கே ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ (மூல வரிசை நீங்கினால் சுட்டும் வரிசைகளும் நீங்கட்டும்) என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: விலையை மாற்றப் போய் பில் விவரங்களே அழிந்துவிடும்.

இருந்தால் திருத்து, இல்லையேல் சேர் என்பதுதான் உங்கள் தேவை என்றால், 2018-இல் 3.24 பதிப்பில் வந்த அப்செர்ட் வசதி இருக்கிறது. இன்செர்ட் வாக்கியத்தின் முடிவில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் (பார்கோடு) டூ அப்டேட் செட் விலை = எக்ஸ்க்ளூடட்.விலை’ என்று சேர்க்க வேண்டும். இது இருக்கும் வரிசையை அதே எண்ணோடு வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாற்றும். மதிப்புகளை செலெக்ட் மூலம் இன்னோர் அட்டவணையிலிருந்து எடுப்பதாக இருந்தால், அந்த செலெக்டின் முடிவில் ‘வேர் ட்ரூ’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் ‘ஆன்’ என்ற சொல்லை ஜாயினுக்கு உரியதாக எடுத்துக்கொண்டு எஸ்க்யூலைட் பிழை காட்டக்கூடும்.

திருத்த மட்டுமே வேண்டும், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்றால், 2020-இல் 3.33 பதிப்பில் வந்த ‘அப்டேட் ஃப்ரம்’ என்னும் அமைப்பே மிகப் பொருத்தமானது. முதலில் பார்கோடை முதன்மைச் சாவியாகக் கொண்ட ஒரு தற்காலிக அட்டவணையை உருவாக்கி, அதற்குப் ‘புதுவிலை’ என்று பெயரிட்டு, சிஎஸ்வி விவரங்களை அதில் நிரப்புங்கள். பிறகு ஒரே வாக்கியம்: ‘அப்டேட் மருந்து செட் விலை = புதுவிலை.விலை ஃப்ரம் புதுவிலை வேர் மருந்து.பார்கோடு = புதுவிலை.பார்கோடு அண்ட் மருந்து.விலை இஸ் நாட் புதுவிலை.விலை’. முடிவில் இருக்கும் அந்த ‘இஸ் நாட்’ நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். நாற்பதாயிரம் மருந்துகளில் மூவாயிரத்துக்கு மட்டும் விலை மாறியிருந்தால், மாறாத முப்பத்தேழாயிரம் வரிசைகளை மறுபடியும் எழுதுவதை அது தடுக்கிறது. சமமில்லை என்ற சாதாரணக் குறியை வைத்தால், ஏற்கெனவே விலை நல் ஆக இருக்கும் வரிசைகள் தப்பிவிடும். ‘இஸ் நாட்’ அவற்றையும் பிடிக்கும்.

தற்காலிக அட்டவணைக்கு முதன்மைச் சாவி வைக்கச் சொன்னதற்கு வேகம் மட்டும் காரணம் அன்று. சிஎஸ்வியில் ஒரே பார்கோடு இரண்டு முறை, இரண்டு விலைகளோடு வந்திருந்தால், ‘அப்டேட் ஃப்ரம்’ அவற்றுள் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பிழைச்செய்தியும் வராது. முதன்மைச் சாவி இருந்தால் நிரப்பும் கட்டத்திலேயே அந்த இரட்டைப் பதிவு அகப்பட்டுவிடும். வேறு தரவுத்தளங்களில் பழகியவர்களுக்கு இன்னொரு குறிப்பு: மாற்றப்படும் அட்டவணையின் பெயரை ஃப்ரம் பகுதியில் மறுபடியும் எழுதக் கூடாது.

ஆண்ட்ராய்டில் வேலை செய்பவர்கள் பதிப்பைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 வரை இயங்குதளத்துடன் வருவது 3.32 பதிப்பு, அல்லது அதனினும் பழையது, 14-இல்தான் 3.39 வருகிறது. எனவே பழைய கைபேசிகளில் ‘அப்டேட் ஃப்ரம்’ இயங்காது. அங்கே செட் பகுதியில் ஓர் உட்குவெரியை வைத்து விலையை எடுத்து வர வேண்டும். அப்படி எழுதும்போது, புதுவிலையில் உள்ள பார்கோடுகளுக்கு மட்டும் என்ற வேர் நிபந்தனையைக் கட்டாயம் சேருங்கள். அதை மறந்தால், பட்டியலில் இல்லாத மருந்துகள் அனைத்துக்கும் விலை நல் ஆகிவிடும்.

கேள்வி: ‘பிராக்மா சிங்க்ரோனஸ் = ஆஃப்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தவுடன் எல்லாம் மின்னல் வேகத்தில் நடக்கிறது. இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கூடாது. மேலே சொன்ன காத்திருப்பு முழுவதையும் அந்த வரி நீக்கிவிடுகிறது. வேகம் வந்தது அதனால்தான். உங்கள் நிரல் மட்டும் செயலிழந்தால் தரவுக்கு ஆபத்தில்லை. ஆனால் மின்சாரம் போனாலோ இயங்குதளம் உறைந்தாலோ, கடைசி மாற்றங்கள் மட்டுமல்லாமல் தரவுத்தளக் கோப்பே சிதைந்து போகலாம். ஜர்னல் மோடை ஆஃப் ஆக்குவதோ நினைவகத்தில் வைப்பதோ இதைவிட ஆபத்து. அங்கே நிரல் நடுவில் நின்றாலே கோப்பு கெடலாம். யாரோ ஒருவரின் பல ஆண்டுக் கணக்கு அந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் அழித்துவிட்டு மூலத்திலிருந்து மறுபடியும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய கோப்பை முதன்முறையாக நிரப்பும்போது வேண்டுமானால் இந்த அமைப்பைப் பயன்படுத்தலாம்.

நியாயமான வேகம் வேண்டுமென்றால், 2010-இல் 3.7 பதிப்பில் வந்த வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) முறைக்கு மாறுங்கள். ‘பிராக்மா ஜர்னல் மோட் = வால்’ என்று ஒரு முறை சொன்னால் போதும், அந்தக் கோப்பு அதை நினைவில் வைத்திருக்கும். இந்த முறையில் பழைய பக்கங்களைப் பாதுகாப்பதற்குப் பதிலாகப் புதிய பக்கங்கள் தனிக் கோப்பு ஒன்றின் முடிவில் வரிசையாகச் சேர்க்கப்படுகின்றன. அக்கோப்பு இயல்பாக 1,000 பக்கங்களைத் தொட்டதும் மூலக் கோப்புக்கு மாற்றப்படுகின்றன. இதனுடன் சிங்க்ரோனஸை ‘நார்மல்’ என்று வைத்தால், ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டுக்காகக் காத்திருப்பது இல்லை. மூலக் கோப்புக்கு மாற்றும் கட்டத்தில் மட்டுமே காத்திருப்பு. மின்சாரம் போனால் கடைசியாக நடந்த சில கமிட்கள் இல்லாமல் போகலாம், கோப்பு கெடாது. அந்தச் சில கமிட்களைக்கூட இழக்க முடியாத பண விவகாரங்களில் ‘ஃபுல்’ என்றே வைத்திருங்கள். பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் கோப்புறையில் வால் முறை வேலை செய்யாது.

வால் முறைக்கு மாறியவர்கள் காப்பு நகல் எடுக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூலக் கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்தால், பக்கத்தில் இருக்கும் வால் கோப்பில் உள்ள அண்மைய மாற்றங்கள் விட்டுப்போகும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்க ‘வேக்கம் இன்டூ’ என்ற கட்டளை 2019 முதல் இருக்கிறது. பைத்தானில் கனெக்ஷனுடனேயே பேக்கப் செயற்கூறும் உண்டு.

கேள்வி: சர்வரிலிருந்து வரும் பெரிய மாற்றங்களைக் கைபேசிச் செயலியில் ஒரே டிரான்சாக்ஷனாக எழுதும்போது, பயனர் ஏதாவது சேமிக்க முயன்றால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று வருகிறது. சிறு தொகுதிகளாகப் பிரிக்கலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: எஸ்க்யூலைட்டில் எழுதுபவர் எந்த நேரத்திலும் ஒருவர்தான். வால் முறையில் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஆனால் இரண்டாவதாக எழுத வருபவர் காத்திருந்தே ஆக வேண்டும். எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்று நாம் சொல்லாவிட்டால், எஸ்க்யூலைட்டின் அடிப்படை இயல்பு உடனே பிழையைத் திருப்பித் தருவதுதான். ஆகவே முதலில் பிஸி டைம்அவுட்டை ஐந்து விநாடி போன்ற ஓர் அளவுக்கு வையுங்கள். அடுத்ததாக, எழுதப் போவது உறுதி என்றால் டிரான்சாக்ஷனை ‘பிகின் இமீடியட்’ என்று தொடங்குங்கள். வெறும் ‘பிகின்’ என்று தொடங்கி, முதலில் படித்து, பிறகு எழுத முயலும்போது, அதற்குள் வேறொருவர் எழுதி முடித்திருந்தால், வால் முறையில் டைம்அவுட்டைப் பொருட்படுத்தாமலேயே பிழை வந்துவிடும். நாம் படித்தது பழைய நிலை என்பதால் காத்திருந்தும் பயனில்லை என்பதே அதற்குக் காரணம். டைம்அவுட் வைத்த பிறகும் இந்தப் பிழை ஏன் வருகிறது என்று தவிப்பவர்கள் பலரின் நிரலில் காரணம் இதுவாகவே இருக்கும்.

பிரிக்கலாமா என்றால், பிரிக்கலாம்; ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து பிரிக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு ஆயிரம் அல்லது இரண்டாயிரம் வரிசைகள் என்று வைத்தால், கமிட்டின் செலவு அத்தனை வரிசைகளுக்கும் பகிரப்பட்டு மிகச் சிறியதாகிவிடுகிறது. அதற்கு மேல் தொகுதியைப் பெரிதாக்குவதால் கூடும் வேகம் குறைவுதான். ஆனால் முழுதும் அல்லது ஒன்றும் இல்லை என்ற பாதுகாப்பு தொகுதிக்கு மட்டுமே இனி பொருந்தும். எனவே எது வரை முடிந்தது என்ற குறிப்பை அதே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் வைத்து, ஒவ்வொரு தொகுதியின் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே அதையும் மாற்றிவிடுங்கள். செயலி நடுவில் நிறுத்தப்பட்டாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த தொகுதியை எடுக்கும்போது ஆஃப்செட் (முதல் இத்தனை வரிசைகளைத் தாண்டு என்னும் கட்டளை) கொண்டு தாண்டிப் போகாதீர்கள். கடைசியாக முடித்த சாவியைவிடப் பெரியவை என்று நிபந்தனை வைத்து எடுங்கள்.

விலைப் பட்டியல் போல எல்லாம் ஒரே கணத்தில் மாற வேண்டிய தரவாக இருந்தால் பிரிக்காதீர்கள். அதற்குப் பதிலாக, சர்வரிலிருந்து வருவதைத் தனி அட்டவணை ஒன்றில் சிறு தொகுதிகளாக நிரப்பிவிட்டு, முடிவில் ஒரே அப்டேட் வாக்கியத்தால் மாற்றுங்கள். நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரமோ ஜேசானை (சர்வர் தரவை அனுப்பும் எழுத்து வடிவத்தை) பிரிக்கும் நேரமோ டிரான்சாக்ஷனுக்குள் வரவே கூடாது. பூட்டு நீண்ட நேரம் பிடிபட்டிருப்பதற்குப் பல செயலிகளில் அதுதான் உண்மையான காரணம்.

கேள்வி: பாடல் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் ஒரு பாடலைச் செருக, ஐந்தும் அதற்கு மேலும் உள்ள இட எண்களை ஒன்று கூட்டினேன். ஒரே வாக்கியம்தான், ஆனாலும் ‘யூனிக்’ விதி மீறப்பட்டதாகப் பிழை வருகிறது. முடிவில் எந்த எண்ணும் இரண்டு முறை வரப்போவதில்லையே?
— ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: எஸ்க்யூலைட் தனித்தன்மை விதியை வாக்கியத்தின் முடிவில் சரிபார்ப்பதில்லை, ஒவ்வொரு வரிசையை மாற்றும்போதும் உடனுக்குடன் சரிபார்க்கிறது. ஐந்தை ஆறாக்கும் கணத்தில் பழைய ஆறு இன்னும் அங்கேயே இருக்கிறது; மோதல் அங்கேதான் நேர்கிறது. ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இரண்டு அப்டேட்களாகச் செய்யுங்கள். முதலாவதில், ஐந்தும் அதற்கு மேலும் உள்ள எண்களை, ஒன்று கூட்டி எதிர்மறை எண்களாக மாற்றுங்கள்: 5 என்பது -6 ஆகும், 6 என்பது -7 ஆகும். இரண்டாவதில், பூஜ்யத்துக்குக் கீழே உள்ளவற்றின் குறியை மட்டும் மாற்றுங்கள். இட எண்கள் எப்போதும் நேர்மறையாக இருக்க வேண்டும் என்று செக் விதி எழுதியிருந்தால் இது நடக்காது. அப்போது எதிர்மறைக்குப் பதிலாக, பட்டியலில் ஒருபோதும் வராத 10,00,000 போன்ற ஒரு பெரிய எண்ணை முதலில் கூட்டிவிட்டு, அடுத்த அப்டேட்டில் 9,99,999-ஐக் கழித்துவிடலாம்.